தீராப் பிணியாளரைப் பேணும் வைத்தியர்

(கருங்குழியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் பேசிப் பழகிய இம்மேடையில், இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் சற்றே துக்ககரமானது என்று காரியதரிசியவர்கள் முதலில் தயங்கினார்கள். கல்யாணங்கள் நிறைந்த மாதத்தில் சாவைப் பற்றிப் பேசலாகுமோ என்று அவர்கள் ஐயுற்றது இயல்பே. ஆயினும் யான் பேச வந்தது சாவைப் பற்றியன்று. சாகும் வரையில் உள்ள நாட்களைப் பற்றி. அந்நாட்கள் சிலருக்கு ஒரு வாரமாகவும், சிலருக்கு இரண்டு மூன்று வருஷங்களாகவும் அமைகின்றன. அவற்றை நோயாளி எவ்வாறு கழிக்கிறார் என்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருசார் வைத்தியரும் தாதிமாரும் இக்காலத்தில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி நம்மவரிற் பெரும்பாலார் கேள்வியுற்றதேயில்லை.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்." இவ்வார்த்தையைக் கேளாத குடும்பம் நம்மில் எத்தனை? என் பெரிய தகப்பனாருக்கு வாயில் புற்று கண்டபோது, ஓர் ஆஸ்பத்திரியில் இவ்வாறே சொல்லி அனுப்பினார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசியவர், புண்ணின் நாற்றத்திற்கு அஞ்சி உள்ளறையில் ஒதுங்கினார். பேரப் பிள்ளைகளை அவ்வறைப்பக்கம் விடுவதில்லை. இரவில் அவர் முனகுவது தெருக்கோடி வரை கேட்கும். அதனை விதியென்று கொண்டு நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அந்நாற்றத்தை மெட்ரோனிடஸோல் என்னும் மலிவான மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவி அடக்கலாம் என்பதும், அவ்வலியை வாய்வழியாகக் கொடுக்கும் மார்பின் மருந்தினால் தணிக்கலாம் என்பதும், எனக்குப் பல வருஷங்கள் கழிந்த பின்னரே தெரியவந்தன. செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. அங்கிருந்தவர்களுக்கு அது கற்பிக்கப்படவில்லை, அவ்வளவே.

இவ்வகைச் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் என்று பெயர். பாலியம் என்பது இலத்தீன் மொழியில் மேற்போர்வையைக் குறிக்கும் சொல். குளிரை நம்மால் நிறுத்த இயலாது. குளிரில் நடுங்குவோனுக்குப் போர்வை தரலாமன்றோ? தமிழ்நாட்டு அரசினர் இதனை நோய் ஆதரவுச் சிகிச்சை என்கின்றனர். யானும் அப்பெயரையே வழங்குவேன்.

இத்துறைக்கு இக்காலத்து வித்திட்டவர் லண்டன் மாநகரத்துச் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார். 1918-ஆம் ஆண்டிற் பிறந்த இவ்வம்மையார், யுத்த காலத்தில் தாதித் தொழில் பயின்றார். முதுகு நோயினால் அதனை விட நேர்ந்தமையின், ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளரின் குறை கேட்டு உதவும் உத்தியோகத்தை ஏற்றார். அங்கே போலந்து தேசத்தினின்று வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் ஒருவர், உற்றார் உறவினர் எவருமின்றிப் புற்றுநோயால் மரணத் தறுவாயிற் கிடந்தார். நாற்பது வயதே ஆனவர். இருவரும் பல நாட்கள் பேசியிருந்தனர்: இவ்வாறு இறப்போர்க்கு எத்தகைய இடம் வேண்டும், எவ்வகையான பணிவிடை வேண்டும் என்று. 1948-ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, தம்மிடமிருந்த ஐந்நூறு பவுன் பணத்தை, அம்மையார் பிற்காலத்தில் கட்டப்போகும் வீட்டில் ஒரு சாளரமாக இருக்கட்டும் என்று எழுதிவைத்துச் சென்றார். வீடு அப்பொழுது மனத்திலன்றி வேறெங்கும் இல்லை. சாளரம் மட்டும் முதலில் வந்துவிட்டது!

அம்மையார் உடனே கட்டடத்துக்குப் பணம் திரட்டப் புறப்படவில்லை. வைத்தியர் சொல்லையே வைத்தியர் கேட்பர் என்றறிந்து, முப்பது வயதிற்கு மேல் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1957-இல் தேறினார். பின்னர்க் கிறிஸ்துவ கன்னியர் நடத்திய ஓர் ஆதரவில்லத்தில் ஏழு வருஷங்கள் தங்கி, நோயாளி ஒவ்வொருவரின் வலியையும் குறித்துவைத்தார். வலி வந்தபின் ஊசி போடுவது பயனற்றது, வலி திரும்புமுன் வேளை தவறாது மருந்து கொடுப்பதே முறை என்பதை அங்கே நிலைநாட்டினார். 1967-ஆம் ஆண்டிற் செயிண்ட் கிறிஸ்டோபர் ஆதரவில்லம் திறக்கப்பெற்றது. டாஸ்மா இறந்து பத்தொன்பது வருஷங்களுக்குப் பின்! வலி என்பது உடம்பில் மட்டும் உள்ளதன்று. கடன் கவலை, பெண்ணின் கல்யாணக் கவலை, தெய்வம் கைவிட்டதோ என்னும் ஐயம், தான் பாரமாகிவிட்டோமே என்னும் வெட்கம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே வலியாகின்றன என்பது அவர் கற்பித்த பாடம். 2005-இல் தாம் அமைத்த அவ்வில்லத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

நம் தேசத்தில் இத்தகைய இல்லம் முதன்முதல் 1986-ஆம் ஆண்டிற் பம்பாயில் சாந்தி ஆவேதன சதனம் என்னும் பெயரால் ஏற்பட்டது. ஆனால் நமக்கு அதிகமாகப் பொருந்தும் உதாரணம் கள்ளிக்கோட்டையில் உள்ளது. அதனைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

கள்ளிக்கோட்டை வைத்தியக் கல்லூரியில் மயக்க மருந்து கொடுக்கும் துறையிற் பேராசிரியராயிருந்தவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் அவர்கள். நரம்பில் மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் வித்தையில் வல்லவர். ஒருநாள், முகத்தில் புற்றுக்கண்டு வலியால் துடித்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் இவரிடம் அனுப்பப்பட்டார். இவர் ஊசியிட்டார், வலி நின்றது. நோயாளி மகிழ்ந்து, மறுபடி எப்போது வரவேண்டும் என்று வினவ, இனி வரவேண்டியதில்லை என்று இவர் சொல்லிவிட்டார். தம் நோய்க்கே சிகிச்சை நடக்கிறது என்று அதுகாறும் நம்பியிருந்த அம்மனிதர், அவ்வொரு சொல்லால் தம் நோய் தீராதது என்பதை உணர்ந்தார். வீடு சென்று அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதனை டாக்டர் ராஜகோபால் அவர்களே ஒளிவின்றிப் பலருமறியக் கூறியிருக்கின்றார்கள். நரம்பைக் கண்ட தாம் நரம்புக்குரிய மனிதனைக் காணவில்லை என்பதே அவர்கள் அதினின்று கொண்ட கருத்து.

1993-ஆம் ஆண்டில் அவர்களும் டாக்டர் சுரேஷ்குமார் அவர்களும் நண்பர் சிலரும் கூடி, அக்கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். நாளடைவில் ஓர் உண்மை அவர்களுக்குப் புலனாயிற்று. நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது மாதத்தில் ஒரு நாள். மற்றை இருபத்தொன்பது நாளும் வீட்டிலே. ஆதலின் சிகிச்சையும் வீட்டிற்கே செல்லவேண்டும். செல்வதற்கு வைத்தியர் போதார். ஆகவே, மலப்புறம் ஜில்லாவில் 2001-ஆம் ஆண்டையடுத்து, அக்கம்பக்கத்தாரையே பழக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பள்ளி மாணவர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், குடும்ப ஸ்திரீகள் எனப் பலரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் தருவதாக ஒப்பி, புண் கட்டவும், படுக்கையில் கிடப்போரைத் திருப்பிப் படுக்க வைக்கவும், முக்கியமாக வாய்மூடிக் கேட்கவும் கற்றுக்கொண்டனர். கடைதோறும் உண்டியல் வைத்துச் சில்லறையாகச் சேர்ந்த பணமே அவர்களுக்கு மூலதனம். 2008-இல் கேரள அரசாங்கத்தார் இதனைத் தம் கொள்கையாகவே ஏற்றனர்.

நம் தமிழகத்திலும் இத்துறையின் வேர் ஒரு வீட்டுத் துக்கத்திலேதான் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையார் புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருக்கொண்டது. சென்னை மாதூரில் அமைந்த ஜீவோதயம் போன்ற இல்லங்களும், வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் உள்ள ஆதரவுச் சிகிச்சைப் பிரிவும் பின்னர் வந்தவை.

இனி, இவ்வைத்தியர்கள் எதற்காக இத்தொழிலை ஏற்கின்றனர் என்னும் கேள்விக்கு வருகிறேன். குணப்படுத்தியவன் என்னும் பெயர் இவர்களுக்குக் கிடையாது. தம் நோயாளருள் பெரும்பாலார் இறப்பர் என்பது முதல் நாளே தெரியும். வைத்திய உலகிலும் இவர்களுக்கு நெடுங்காலம் மதிப்பில்லை. இத்துறைக்கென உயர்ந்த பட்டப் படிப்பே பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் 2012-ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று என்றால் வேறு சொல்ல வேண்டுவதில்லை. இருதய வைத்தியரைப் பெண்ணுக்கு வரன் தேடுவோர் வலைவீசித் தேடுவர், ஆதரவுச் சிகிச்சை வைத்தியரை, "இவர் என்ன வைத்தியம் பார்க்கிறார்?" என்று கேட்பர். (சிரிப்பு.)

இரக்கம் காரணமென்று பலரும் சொல்வர். என் அபிப்பிராயத்தில் அது பாதியே. இரக்கமுடையோர் மிகப் பலர். அவர்கள் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டிற்குப் போய்விடுகின்றனர். இவர்களை நிறுத்தி வைப்பது ஒருவகைக் கோபம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மருந்து இருக்கிறது, விலையும் குறைவு, கொடுக்கும் முறையும் தெரியும். அங்ஙனமிருந்தும் ஒருவன் இரவெல்லாம் அலறுகிறான் என்றால், அதனைப் பொறாத கோபம். டாஸ்மாவின் மரணமும் அக்கல்லூரி ஆசிரியரின் மரணமும் கண்டவர்க்கு அக்கோபம் வராமற் போயிருந்தால், பலருக்கு நேர்வதுபோல நாலு நாட்களில் மறந்திருப்பர்.

மற்றொன்றும் உண்டு. தொழிலிற் கிடைக்கும் திருப்தி. மூன்று வாரம் உறங்காதவன் ஒரிரவு உறங்குகிறான். மூச்சு முட்டிப் படுக்க மாட்டாதவள், சிறு அளவு மருந்தாலும், முகத்திற்கு நேரே ஒரு மின்விசிறி வைத்ததாலும், சாய்ந்து படுத்து இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறாள். இவை பத்திரிகைச் செய்திகளல்ல. ஆனால் காலையிற் செய்தது மாலையிற் பலிப்பதைக் காணும் பாக்கியம் வேறு எத்தனை வைத்தியருக்கு உண்டு?

இவர்களைத் தெய்வமென்று புகழ்வதை யான் ஆதரிப்பதில்லை. தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டுவதில்லை, விடுமுறை வேண்டுவதில்லை, துணையாளும் வேண்டுவதில்லை. தெய்வமாக்கி விட்டால் நாம் மாலையிட்டு விட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்! இவர்கள் சோர்வடையும் மனிதர்கள். ஒரே வாரத்தில் நான்கு வீட்டு இழவு கண்ட தாதியின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஆகையினாலேயே இவர்கள் தனித்து வேலை செய்வதில்லை. வைத்தியர், தாதி, உதவியாளர், தொண்டர் எனக் கூட்டமாகவே செய்கின்றனர். இறந்தவரைப் பற்றித் தமக்குள் பேசி ஆறுதல் பெறுவதும் அவர்கள் வேலையின் ஒரு பகுதியே.

மார்பினைப் பற்றி நம்மவர்க்குள்ள அச்சம் பெரிது. அபினியிலிருந்து எடுப்பதல்லவா, பழக்கமாகிவிடாதா, சாவைச் சீக்கிரம் கொண்டுவராதா என்று கேட்பர். புற்றுநோய் வலிக்குத் தக்க அளவில் நான்கு மணிக்கொரு முறை வாய்வழியாகக் கொடுக்கப்படும் மார்பின், வலியுடையோரை அடிமையாக்குவது மிக அரிது. முறையாகக் கொடுத்தால் ஆயுளைக் குறைப்பதுமில்லை. முதற் சில நாள் தூக்கம் வரும். மலச்சிக்கல் நிச்சயமாக வரும், அதற்கு உடனே பேதி மருந்தும் சேர்த்தே கொடுப்பர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1986-ஆம் ஆண்டிலேயே, சாதாரண மாத்திரையில் தொடங்கிப் படிப்படியாக மார்பின் வரை செல்லும் முறையை வகுத்து வெளியிட்டனர்.

விசித்திரம் யாதெனில், அபினிச் செடி நம் தேசத்திலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியோடு பயிராகிறது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் ஆலைகளே உள்ளன. அங்ஙனமிருந்தும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தின்பின், பல உத்தரவுச் சீட்டுகளை ஏககாலத்திற் பெற்றாலன்றி ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்துக்கொள்ள இயலாமற் போயிற்று. பல ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டன. கள்ளனைப் பிடிக்க இட்ட வேலி நோயாளியை வெளியே நிறுத்திற்று. டாக்டர் ராஜகோபால் முதலியோர் பல்லாண்டு வாதாடியதன் பயனாக, 2014-ஆம் ஆண்டிற் பார்லிமெண்டார் அச்சட்டத்தைத் திருத்தி, ஒரே அனுமதி போதும் என்றாக்கினர். உலக நிலையும் இதற்கு மாறானதன்று. 2017-இல் லான்ஸெட் பத்திரிகை அமைத்த ஆராய்ச்சிக் குழுவினர், உலகில் வழங்கும் மார்பின் முதலிய வலி மருந்து ஆண்டொன்றுக்கு 298.5 டன் என்றும், அதில் மிக ஏழை நாடுகளுக்குச் செல்வது 0.1 டன்னே என்றும் கணக்கிட்டனர்.

இனி நம் வீட்டு வழக்கம் ஒன்று. "அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்" என்று வைத்தியரை நாம் கேட்டுக்கொள்கிறோம். அன்பினாற் செய்வதே. ஆனால் நோயாளி பெரும்பாலும் ஊகித்தறிந்துவிடுகிறார். பிள்ளைகள் வருந்துவரே என்று அவர் தெரியாதவர்போல் நடிக்கிறார். அவர் வருந்துவாரே என்று பிள்ளைகள் நடிக்கின்றனர். நிலத்தை எவர்க்கு எழுதுவது, பேசாதிருந்த தம்பியை அழைத்து வருவதா, எவ்விடத்தில் உயிர் விட விருப்பம் என்பனவெல்லாம் பேசப்படாமலே காலம் கழிந்துவிடுகிறது. பின்னர் அந்நிலத்தின் பொருட்டு இருபது வருஷம் கோர்ட்டு வழக்கு! நோய் ஆதரவுச் சிகிச்சை வைத்தியர் உண்மையை அடித்தாற்போற் சொல்வதில்லை. நோயாளியினருகே உட்கார்ந்து, உமக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேட்கின்றனர். அறிய விரும்பாதவர்க்குச் சொல்லார், விரும்புவோர்க்கு மறையார்.

இத்தகைய பணி நம் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதன்று. செங்கற்பட்டையடுத்த திருமணியில், குஷ்டரோகம் தீராதது என்று ஊர் விலக்கிய காலத்தில், விலக்கப்பட்டோரை ஏற்றுப் பேணிய லேடி வில்லிங்டன் ஆசிரமம் இருந்தது. அங்கே டாக்டர் கொக்ரேன் என்பவர் 1946-ஆம் ஆண்டில் சல்போன் என்னும் புது மருந்தைப் பரீட்சித்தார். 1955-இல் இந்திய அரசாங்கத்தார் அவ்விடத்தை மத்திய ஆராய்ச்சி நிலையமாக்கினர். இன்று அந்நோய் மாத்திரைகளாற் குணமாகிறது. தீராதவர் என்று அவர்களைக் கைவிட்டிருந்தால் மருந்தைப் பரீட்சிக்கத்தான் அங்கே யார் இருந்திருப்பர்?

இக்கருங்குழி ஒருகாலத்தில் கலெக்டர் கச்சேரி இருந்த ஊர். ஜில்லாவுக்கே தலைமை வகித்த ஊர். இன்று பெருநோய்க்குச் செங்கற்பட்டு வைத்தியக் கல்லூரிக்கோ, உத்திரமேரூர் வழியாகக் காஞ்சீபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ நாம் போகவேண்டும். நடக்கவியலாதவரை வலி மாத்திரைக்காகப் பஸ்ஸில் ஏற்றிச் செல்வது கொடுமை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீடு தேடி வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஓர் அங்கம். கிராமத்துச் சுகாதார ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்தால் தாதியார் வருவர். நம்மிற் பலர் அதனை இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை தருவது என்றே எண்ணியிருக்கின்றனர்.

ஆனால் தாதியார் வருவது எப்போதோ ஒரு நாள். இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பவர், படுக்கைப் புண் வாராது காப்பவர் வீட்டார். பெரும்பாலும் மருமகளோ மனைவியோதான். அவளுக்கு எவர் துணை? பதினாறாம் நாட் கருமாதிக்கு ஐந்நூறு பேருக்கு இலை போடும் நாம், அதற்கு முந்திய ஆறு மாதத்தில் ஒரு நீர்மெத்தை வாங்கிக் கொடுத்ததுண்டா? இதனைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. செலவழிக்க நமக்குப் பணமும் மனமும் உண்டு என்பதற்கு அப்பந்தியே சாட்சி.

ஆதலின் இச்சபையார்முன் ஒரு யோசனையை வைக்கிறேன். நமது சங்கத்துப் பாத்திரங்களும் பந்தல் சாமான்களும் கல்யாணங்களுக்கு இரவலாகச் செல்கின்றன. அவ்வறையிலேயே தலைப்பக்கம் உயர்த்தும் இரும்புக் கட்டில் இரண்டு, நீர்மெத்தை நான்கு, சக்கர நாற்காலி இரண்டு, படுக்கையில் வைக்கும் மலசலப் பாத்திரங்கள் ஆகியவற்றை வாங்கி வைத்து, வாடகையின்றிக் கொடுத்து வாங்குவோம். வாலிபர்களிலும் ஸ்திரீகளிலும் பத்துப்பேர் முன்வந்தால், புண் கட்டும் முறையையும் திருப்பிப் படுக்க வைக்கும் முறையையும் கற்பித்துத் தரும்படி சுகாதார நிலையத்துத் தாதியாரையே கேட்டுக்கொள்ளலாம்.

சாமான்கள் நம் சங்கத்தாருக்கு மட்டுமோ என்று கூட்டத்திற்கு முன்னரே ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி, சங்கப் பணம் சங்கத்தாருடையதே. எனினும் மலப்புறத்தில் புண் கட்டச் சென்றவர் எவரும் வாயிலில் நின்று குலம் கேட்டதாக யான் அறியேன். அடுத்த தெருவில் ஒருவர் படுக்கைப் புண்ணோடு கிடக்க, நம் அறையில் மெத்தை சும்மாயிருப்பது எனக்குச் சம்மதமன்று. வேண்டுமென்று கேட்கும் ஊரார் எவர்க்கும் கொடுப்பது என்றே தீர்மானத்தை எழுதியிருக்கிறேன். மாறுபட்டோர் அவ்வொரு வரியைத் திருத்தும்படி பிரேரணை கொண்டு வரலாம். இங்கேயே வாக்கெடுத்து முடிவு செய்வோம். தீர்மானத்தின் நகலைக் காரியதரிசியவர்களிடம் கொடுத்துள்ளேன். கட்டில் ஒன்றின் விலையை ஏற்பதாக நம் அங்கத்தினர் ஒருவர் இப்போதே சீட்டெழுதி அனுப்பியிருக்கிறார். மற்றதற்கு இனி உங்களைக் கேட்கவேண்டும்.